காட்ஸில்லாவின் உயரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய ராட்சத மிருகம் காட்ஸில்லாவும் ராட்சதக் குரங்கு காங்கும் சேர்ந்து வரும் 2024 படத்தை மகனோடு பார்க்கப் போனேன். காட்ஸில்லா இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது, காங்கோடு ஜோடி போட்டு ஓடுகிறது. ஒரே கோமாளித்தனம். 1954-ல் மூலப்படத்தில் 50 மீட்டர் இருந்தது இப்போது நூறைத் தாண்டிவிட்டது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தொடர்படம் எடுப்பவர்கள் மூலப்படத்துக்கு உண்மையாக இருக்க வேண்டாமா?

ச.

அன்புள்ள ச.,

பையனை உள்ளே விட்டுவிட்டா எழுந்து வந்தீர்கள்? அதை எழுதவில்லையே.

நிறத்தை விடுங்கள். உயரத்தையும் விடுங்கள். டோக்கியோவின் கட்டடங்கள் வளர்ந்துவிட்டன என்று 1984-லேயே அதன் ஜப்பானியத் தயாரிப்பாளர்களான தோஹோ நிறுவனம் அதை 80 மீட்டராக்கியது. கோமாளித்தனம் என்கிறீர்கள். 1965-ல் காட்ஸில்லா வேற்றுக்கிரகத்தில் துள்ளிக் குதித்து ஆடியது. அந்தப் படத்தின் இயக்குநர் வேறு யாருமில்லை, நீங்கள் கும்பிடும் மூலப்படத்தை எடுத்த அதே இஷிரோ ஹோண்டா. கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் படித்திருக்கலாம்.

மூலம் மூலம் என்கிறீர்களே, அதில் இருப்பது என்ன? 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் 23 பேர். அவர்கள்மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகின் ரேடியோக்காரர் செப்டம்பரில் செத்துப்போனார். நவம்பர் 3-ல், குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட மிருகத்தைப் பற்றிய படம் வெளியானது. முதல் காட்சியே கடலில் ஒரு வெளிச்சம், எரியும் கப்பல். பிறகு ரயிலில் ஒரு பெண், கதிர்வீச்சு பட்ட சூரையைப் பற்றி அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பியது இதற்குத்தானா என்கிறாள். கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது கதை இல்லை, போன மாதத்துப் பேப்பர்.

ஆறே மாதத்தில், 1955-ல், இரண்டாம் படம் வந்தது. அதே உருவம், அதே விஞ்ஞானி யமானே. உங்கள் கணக்குப்படி பரம விசுவாசம். ஆனால் ஒசாகாவில் இரண்டு மிருகங்கள் கட்டிப் புரள்வதுதான் மிச்சம். 1971-ல் வந்த படத்தில் காட்ஸில்லா வாயிலிருந்து நெருப்பைக் கக்கியபடி பின்பக்கமாகப் பறக்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அதன் எதிரி, ஆலைக்கழிவிலும் புகையிலும் ஊறிப் பெருத்த சகதிப் பூதம். அந்த வருடத்து ஜப்பான் எதற்கு நடுங்கியதோ அதைத்தான் காட்டியது. இரண்டில் எது மூலத்தின் பிள்ளை? என்னைக் கேட்டால் பறந்ததுதான். 2016-ல் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ 118.5 மீட்டருக்கு ஒன்றைச் செய்து, அதை ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் நிழலில் நிறுத்தினார். அதுவும்தான். உயரத்தை அளக்க டேப்போடு போகிறவருக்கு இது பிடிபடாது.

மூலப்படத்தை நான் வாடகை டிவிடியில் பார்த்தேன். அப்பா தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பூதம் வந்தபோது நிமிரவே இல்லை. ஊர் எரிகிறது, சுவரோரம் ஒரு பெண் பிள்ளைகளை அணைத்தபடி ஏதோ சொல்கிறாள். “என்னடா சொல்றா அவ?”

“இப்ப அப்பாகிட்ட போயிடுவோம்ங்கிறாம்மா.”

அம்மாவின் கை நின்றுவிட்டது. கீரையை அப்படியே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். ராத்திரி சோறு போடும்போது கேட்டாள், “அந்தப் புள்ளைங்க தப்பிச்சுதுங்களா?” தப்பித்திருக்கும் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள்.

2023-ல் இயக்குநர் யமாசாகியின் காட்ஸில்லா படம் வந்தது. போர் முடிந்த டோக்கியோ. போர்க்காலக் குண்டுவீச்சில் செத்துப்போன தாய் ஒருத்தி தன் குழந்தையை முன்பின் தெரியாத பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் குழந்தை பிழைத்து, வளர்ந்து, சோற்றுக்கு உட்காருகிறது. காட்ஸில்லாவை மறந்துவிட்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டுவதற்கு அம்மா இல்லை.

உங்கள் பையன் மீதிப் படத்தைப் பார்த்தானா? என்ன சொன்னான்? அதை எழுதுங்கள்.