மீம் போட்டால் சிஐடி வருமா? கேள்வி பதில்

இலங்கையில் எழுதுவது, பகிர்வது, பிடிபடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. முன்பு பத்திரிகை மேசையில் இருந்து, இப்போது கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்காடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏற்கெனவே வழக்கு உள்ளவர்கள் தங்கள் சட்டத்தரணியிடமே கேளுங்கள்.

கே: அண்ணா, ஒரு அமைச்சரைக் கிண்டலடித்து மீம் போட்டேன். அம்மா உடனே அழி என்று நிற்கிறா. சிஐடி வருமா? (வெள்ளவத்தை)

ப: வெறும் கிண்டல் என்றால் அழிக்கத் தேவையில்லை, தம்பி. பேச்சுச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 14(1)(அ) உங்கள் பக்கம். அவதூறைக் குற்றமாக்கிய சட்டத்தை 2002இலேயே நீக்கிவிட்டார்கள். அமைச்சருக்கு மனம் நொந்தால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். ஆனால் அவர் சொல்லாத வசனத்தை அவர் சொன்னதாகப் போட்டு, தொலைக்காட்சி லோகோவையும் ஒட்டியிருந்தால் அது மீம் இல்லை. அம்மா சொன்னபடி செய்யுங்கள்.

கே: ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) ஒரு மனித உரிமை உடன்படிக்கை என்றுதான் படித்தோம். அதன் பெயரிலேயே எழுதியவர்களைப் பிடிக்கிறார்களே, எப்படி சேர்? (சட்ட மாணவி, கொழும்பு)

ப: உடன்படிக்கையை உள்நாட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று 2007இல் 56ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். இன, மத வெறுப்பைக் கிளப்பி வன்முறைக்கோ பகைமைக்கோ பாகுபாட்டுக்கோ தூண்டுவது அதன் 3ஆம் பிரிவில் குற்றம். 10 வருடம் வரை சிறை. வாசித்தால் நல்ல சட்டம்தான். கொடுமை பிணையில் இருக்கிறது. நீதவான் பிணை தர முடியாது. மேல் நீதிமன்றம் போக வேண்டும், அங்கும் விசேட காரணம் காட்ட வேண்டும். வழக்கு நிற்காது என்று பொலிஸுக்கே தெரிந்திருந்தாலும் ஆள் மாதக்கணக்கில் விளக்கமறியலில் கிடப்பார். தீர்ப்பு வருமுன்பே தண்டனை முடிந்துவிடும்.

2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார உள்ளே போனது ஒரு சிறுகதைக்காக. 2020 ஏப்ரலில் ரம்சி ராசீக் முகநூலில் எழுதியது, முஸ்லிம்கள் மீதான வெறுப்பைப் பேனாவாலும் கீபோர்டாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று. அதில் ‘ஜிஹாத்’ என்ற சொல் இருந்தது, போதாதா? சில நாட்களில் கைது, பிணை செப்டெம்பரில். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் (நாட்டின் உச்ச நீதிமன்றம்) சொல்ல 2023 ஆகிவிட்டது. அதே 2023இல்தான் மேடை நகைச்சுவைக்காக நதாஷா எதிரிசூரியவைப் பிடித்தார்கள். மறுபக்கம், பொதுபல சேனாவின் பிக்கு ஞானசார தேரர் இஸ்லாத்தை இழிவுபடுத்திப் பேசியது 2016இல். அதற்கு 4 வருடச் சிறை விதிக்கப்பட்டது 2024இல். எழுதியவனிடம் ஓடி வருகிற சட்டம் தூண்டியவனிடம் நடந்துதான் போகிறது.

கே: அப்படியென்றால் பொய் பரப்புகிறவர்களை விட்டுவிடச் சொல்கிறீர்களா? அதற்குத்தானே இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டம்? (கொட்டாஞ்சேனை)

ப: 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறிய சட்டம் அது. எது பொய் என்று தீர்மானிக்க 5 பேர் ஆணைக்குழு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2019 மே 23ஆம் திகதி திவயின என்ற சிங்களப் பத்திரிகையின் முதற்பக்கத்தை நினைத்துப் பாருங்கள்: முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தாராம். அடுத்த நாளே குருநாகலில் டாக்டர் ஷாபி கைதானார். குற்றச்சாட்டு கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. அதைச் சொன்னது அநாமதேய முகநூல் பக்கம் இல்லை. ஆசிரியர், அச்சகம், முகவரி எல்லாம் உள்ள நாளிதழ். கடையில் தொங்கிய அந்தத் தாளை நிகழ்நிலைச் சட்டம் என்ன செய்யும்?

முடக்குவதும் உதவாது. 2018இல் கண்டி திகனவில் நடந்த முஸ்லிம் எதிர்ப்புக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு அன்றும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இளசுகள் விபிஎன் போட்டுக்கொண்டார்கள். குண்டு வெடித்த அன்று உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த பெரியவர்களுக்குத்தான் வட்ஸ்அப் இல்லாமல் போனது.

கே: நவம்பரில் ஒரு படம் போட்டேன், முகநூல் தூக்கிவிட்டது. அடிப்படை உரிமை மனு போடலாமா? (தெஹிவளை)

ப: முடியாது. அந்த மனு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராக மட்டும்தான். மெட்டா ஒரு தனியார் கம்பனி. அவர்களிடமே மேன்முறையீடு செய்து பாருங்கள். 2018இல் சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைத் தூக்க இந்த வேகம் இருக்கவில்லை. 2020இல் மன்னிப்புக் கேட்டார்கள்.

கே: ஒரே சம்பவம் தமிழில் ஒன்று, சிங்களத்தில் இன்னொன்று. எதை நம்புவது? (பம்பலப்பிட்டி)

ப: முதலில் முதலாளி யார் என்று பாருங்கள். தினகரன், தினமின, டெய்லி நியூஸ் எல்லாம் லேக் ஹவுஸ். 1973 முதல் அரசாங்கத்தின் கையில். ஆட்சி மாறினால் தலையங்கமும் மாறும்.

அடுத்தது வினைச்சொல். 2022 மே 9ஆம் திகதி பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து வந்தவர்கள் காலிமுகத்திடல் போராட்டக்காரர்களின் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். அதையே ‘காலிமுகத்திடலில் மோதல், பலர் காயம்’ என்று எழுதலாம். எந்தச் சொல்லையும் பொய் என்று பிடிக்க முடியாது. அடித்தவர் மட்டும் காணாமல் போயிருப்பார். பத்திரிகை மேசையில் இதைத் தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு, இரவு பத்து மணி அவசரத்தில் செய்கிறவர்களும் உண்டு. நம்முடைய பத்திரிகைகளும் விலக்கல்ல: தோட்டத் தொழிலாளர் சம்பளம் எத்தனையாம் பக்கத்தில் வருகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பக்கச்சார்பு குற்றம் இல்லை. தவறான செய்தியால் உங்களுக்குப் பாதிப்பு என்றால், பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவில் முறையிட்டுத் திருத்தம் கேட்கலாம்.

கே: பதிவு ஒன்று பற்றி வாக்குமூலம் தர வரச் சொல்லி பொலிஸ் ஃபோன் எடுத்தால்? (வத்தளை)

ப: யார் பேசுகிறார், எந்தப் பிரிவு, என்ன முறைப்பாடு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகாமல் இருக்காதீர்கள், சட்டத்தரணியோடு போங்கள். அங்கே நீங்கள் தமிழில் சொல்வதை அவர் சிங்களத்தில் எழுதி, கடகடவென்று வாசித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடச் சொல்வார். வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். தமிழும் அரச கரும மொழி. தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தாலும் சரி. உரிமை மீறப்பட்டது என்று நினைத்தால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் அந்த ஒரு மாதத்தில் சேராது. அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1996.