சீனர் வீடுகளிலும் கோயில்களிலும் ஏன் சிவப்பு விளக்கு எரிகிறது?

மலேசியா, சிங்கப்பூரில் சீனர் வீடுகளைக் கடந்து போகிற எவருக்கும் வரும் கேள்விதான். வாசலில் வானத் தெய்வத்துக்கு ஒரு சின்ன மாடம், உள்ளே தரையோடு தரையாக நிலத் தெய்வத்துக்கு இன்னொன்று. அங்கே மெழுகுவத்தி வடிவில் ஒரு ஜோடி சிவப்பு மின்விளக்கு எரியும். முன்பெல்லாம் எண்ணெய் விளக்கு. சிவப்பு அவர்களுக்கு மங்கலம், கெட்டதை விரட்டும் நிறம். துக்க வீட்டில் தொங்குவது வெள்ளை விளக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது இது: ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் விளக்குக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரே ஒலி, 'தெங்'. அதனால் விளக்கேற்றுவது பிள்ளை வரம் கேட்பதும்கூட. அப்புறம், பல கோயில்களில் சுவர் நிறையக் குட்டி விளக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். காணிக்கை கட்டினால் வருடம் முழுக்க அந்தப் பெயரில் எரியும்.