உங்கள் கைக்கு இசையும் எடிட்டர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிரல் எழுதும் எடிட்டரைப் பற்றியவை. எழுதியவர்களில் அதிகம் பேர் விஎஸ் கோட் என்னும் எடிட்டரைப் பயன்படுத்துவதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். விசைகளை விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கு ஏற்பக் கொடுத்திருக்கிறேன்.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். என்னுடையது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். "கட்டாயம் வேண்டிய எக்ஸ்டென்ஷன்கள்" (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) என்று வீடியோக்களில் சொன்னதையெல்லாம் போட்டுவிட்டேன். நாற்பதைத் தாண்டிவிட்டது. இப்போது எடிட்டர் திறக்கவே வெகுநேரம் ஆகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா மேடம்?
மாணவர், விருதுநகர்

வேண்டாம் தம்பி. அழித்துவிட்டு நிறுவினால் ஒரு வாரம் வேகமாக இருக்கும். பிறகு அதே வீடியோக்கள் அதே இடத்துக்கு உங்களைக் கொண்டுவந்து விடும். எது தடுக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பேலட் திறக்கும். அதில் "ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்று தட்டச்சு செய்யுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் விழித்தெழ எத்தனை மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது என்று ஒரு பட்டியல் வரும். பெரிய எண் உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் அதே பேலட்டில் "ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்" இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்துவிட்டு, "சிக்கல் இன்னும் இருக்கிறதா?" என்று உங்களைக் கேட்கும். உங்கள் பதிலை வைத்து அடுத்த பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே போகும். நாற்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஆறேழு சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும். பைனரி சர்ச் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள்.

அடுத்து, தேவையற்றவை. அடைப்புக்குறிகளுக்கு வண்ணம் தீட்டும் எக்ஸ்டென்ஷன் உங்கள் பட்டியலில் இருக்கிறது. 2021 முதல் அந்த வேலையை விஎஸ் கோட் தானாகவே செய்கிறது, அதுவும் பல மடங்கு வேகமாக. பழைய வீடியோக்கள் இதைச் சொல்லமாட்டா. எந்த எக்ஸ்டென்ஷனைப் போடும் முன்பும், "இது எடிட்டரிலேயே இருக்கிறதா?" என்று செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

உங்கள் கல்லூரி வேலையில் ஜாவா, பைத்தான், வலைப்பக்கம் மூன்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் மூன்று புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். 2023 தொடக்கத்தில் வந்த வசதி இது. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி எக்ஸ்டென்ஷன்கள், தனி செட்டிங்ஸ், தனி ஷார்ட்கட்கள். ஒரு ஃபோல்டரை எந்தப் புரொஃபைலில் திறந்தீர்கள் என்பதையும் எடிட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். நிரலைப் படித்துப் பிழைகளையும் பரிந்துரைகளையும் காட்டும் ஜாவா மொழி சர்வர் மட்டுமே பல நூறு எம்பி நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். 4 ஜிபி லேப்டாப்பில் பைத்தான் பயிற்சி செய்யும்போது அது ஓடவேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக, உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட டேட்டாசெட் கிடக்கிறது என்கிறீர்கள். செட்டிங்ஸில் "வாட்சர் எக்ஸ்க்ளூட்", "சர்ச் எக்ஸ்க்ளூட்" இரண்டிலும் அந்த ஃபோல்டர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கோப்புகள் மாறுகின்றனவா என்று எடிட்டர் அதைக் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மவுஸைத் தொடவே மாட்டார். எனக்கும் ஆசைதான். நூறு ஷார்ட்கட்கள் கொண்ட ஒரு தாளை அச்சிட்டு ஒட்டினேன், மனதில் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

அந்தத் தாளைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைத் துண்டுத்தாளை வையுங்கள். வேலை நடுவே கை மவுஸுக்குப் போகும்போதெல்லாம் எதற்காகப் போனது என்று ஒரு சொல் எழுதுங்கள். மாலையில் பார்த்தால் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த மூன்றுக்கு மட்டும் விசை கற்றுக்கொள்ளுங்கள். கைக்குப் பழகிய பிறகு அடுத்த தாள். நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். புதிய புராஜெக்ட் வந்தால் காரணங்களும் மாறுகின்றன.

என் தாளில் அதிகம் இருந்த சொல் "டெர்மினல்", அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பகுதி. நிரலில் ஒரு வரி மாற்றுவேன், டெர்மினலில் ஓட்டிப் பார்ப்பேன், திரும்புவேன். நாள் முழுக்க இதே போக்குவரத்து. இதற்கு எஃப்1 விசையை எடுத்துக்கொண்டேன். எஃப்1 வழக்கமாகக் கமாண்ட் பேலட்டைத் திறக்கும். ஆனால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி-யும் அதையே செய்வதால் எஃப்1-ஐ வேறு வேலைக்குக் கொடுப்பதில் நஷ்டமில்லை. கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் எஸ் என்று அடுத்தடுத்து அழுத்தினால் ஷார்ட்கட் பக்கம் வரும். அங்கே "ஃபோகஸ் டெர்மினல்" கட்டளைக்கு எஃப்1 கொடுத்தேன். வரியின் மேல் வலது சொடுக்கினால் "வென்" என்னும் நிபந்தனையை மாற்றும் வசதி இருக்கிறது. அதில், கர்சர் நிரலுக்குள் இருந்தால் மட்டும் என்று வைத்தேன். "ஃபோகஸ் ஆக்டிவ் எடிட்டர் குரூப்" கட்டளைக்கும் அதே எஃப்1; நிபந்தனை, கர்சர் டெர்மினலில் இருந்தால் மட்டும். ஒரே விசையில் போகவும் வரவும் முடிகிறது. இந்த "வென்" பத்தியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஷார்ட்கட் பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள பத்தி அதுதான்.

உங்கள் தாளில் எது வந்தாலும், இந்த நான்கை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். கோப்பின் பெயரைத் தட்டித் திறக்க கண்ட்ரோல் பி. ஒரு பெயரைப் புராஜெக்ட் முழுவதும் மாற்ற எஃப்2. அதே சொல்லின் அடுத்த இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் டி. வரியை மேலும் கீழும் நகர்த்த ஆல்ட்டும் அம்புக்குறியும்.

என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகாமல், எடிட்டர் தானாக எதையோ நிரப்பிவிடுகிறது. பைத்தியம் பிடிக்கிறது!
வாசகி, தஞ்சாவூர்

செட்டிங்ஸில் "அக்செப்ட் சஜஷன் ஆன் என்டர்" என்று தேடி "ஆஃப்" செய்யுங்கள். இனி டேப் அழுத்தினால் மட்டுமே பரிந்துரை ஏற்கப்படும். பரிந்துரைப் பெட்டி கண்ணை உறுத்தினால் "குவிக் சஜஷன்ஸ்" வசதியையே அணைத்துவிட்டு, வேண்டும்போது கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தி வரவழைத்துக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். நான் ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமித்தாலும் கோப்பு முழுவதும் மாறிவிட்டதாக, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் காட்டுகிறது. குழுத் தலைவர் கோபப்படுகிறார். சேமிக்கும்போதே நிரலின் அமைப்பைச் சீராக்கும் "ஃபார்மட் ஆன் சேவ்" வசதியை அணைத்துவிடவா?
வாசகர், சென்னை

உங்கள் தலைவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு வரித் திருத்தத்தைச் சரிபார்க்க உட்காருகிறவர் முந்நூறு வரிகளைப் பார்க்க நேர்ந்தால், அந்த முந்நூறில் ஒளிந்திருக்கும் உண்மையான பிழை அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கவே கூடாது.

முதலில் எடிட்டரின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். வலது பக்கம் "ஸ்பேசஸ்: 4" என்றோ "டேப்" என்றோ இருக்கும். அதன் பக்கத்தில் "சிஆர்எல்எஃப்" அல்லது "எல்எஃப்". வரி முடிவைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இவை. விண்டோஸில் முன்னதும் லினக்ஸில் பின்னதும் வழக்கம். உங்கள் கணினியில் ஒன்றும் குழுவில் மற்றவர்களுக்கு வேறொன்றும் இருந்தால், எழுத்து எதையும் தொடாமலே எல்லா வரிகளும் மாறியதாகத் தெரியும்.

இதற்கு நிலையான தீர்வு, புராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டரில் "எடிட்டர்கான்ஃபிக்" என்னும் சிறு கோப்பு ஒன்றை வைப்பது. பெயர் புள்ளியில் தொடங்க வேண்டும். உள்ளே நான்கைந்து வரிகள் போதும்: உள்தள்ளல் ஸ்பேஸா டேப்பா, எத்தனை, வரி முடிவு எது, கோப்பின் கடைசியில் வெற்று வரி வேண்டுமா. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் இதைத் தாமாகவே படிக்கும். நியோவிம் 0.9 பதிப்பிலிருந்து படிக்கிறது. விஎஸ் கோடுக்கு மட்டும் ஓர் எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஆளுக்கொரு எடிட்டர் வைத்திருந்தாலும் கோப்பு ஒரே மாதிரி வெளிவரும்.

பழைய நிரலை ஒழுங்குபடுத்துவதா, விடுவதா என்பதைக் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். விடுவதாக இருந்தால் "ஃபார்மட் ஆன் சேவ் மோட்" என்ற செட்டிங்கை "மாடிஃபிகேஷன்ஸ்" என்று வையுங்கள். நீங்கள் தொட்ட வரிகள் மட்டும் சீராகும், மற்றவை அப்படியே இருக்கும். பகுதி பகுதியாகச் சீர்படுத்தத் தெரிந்த ஃபார்மட்டர் இதற்குத் தேவை. ஒழுங்குபடுத்துவதாக இருந்தால், வேறு எந்த மாற்றமும் கலக்காமல் ஒரே கமிட்டில் (கிட்டில் சேர்க்கும் ஒரு பதிவில்) மொத்தமாகச் செய்யுங்கள். பிறகு "இந்த வரியை எழுதியது யார்" என்று கிட் பிளேமில் பார்க்கும்போது அந்த ஒரு கமிட்டைத் தாண்டிச் செல்லும்படி சொல்லலாம். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் அதற்கு வழி இருக்கிறது. இதைச் செய்யாத குழுக்களில், பத்து ஆண்டு வரலாறு முழுவதும் ஃபார்மட்டரை ஓட்டியவர் பெயரில் போய்விடுகிறது.

இன்னொன்று. புராஜெக்டுக்கான செட்டிங்ஸ் கோப்பையும் கிட்டில் சேர்க்கிறீர்கள் அல்லவா? எந்த ஃபார்மட்டர், வரி நீளம் எவ்வளவு என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். பைத்தானின் பெப் 8 வழிகாட்டி 79 எழுத்து என்கிறது, பிளாக் ஃபார்மட்டர் 88 என்கிறது; எதுவானாலும் அது குழுவின் முடிவு. எழுத்துரு, தீம், எழுத்தின் அளவு ஆகியவை அவரவர் கண் சம்பந்தப்பட்டவை. அவற்றை அடுத்தவர் திரையில் திணிப்பது தவறு.

விம் எடிட்டரைக் கற்காதவர் உண்மையான புரோகிராமரே இல்லை என்கிறான் என் நண்பன். கற்கலாமா?
மாணவி, மதுரை

நண்பர் சொல்வதை விட்டுவிடுங்கள் அம்மா. சர்வருக்குள் நுழைந்து ஒரு கான்ஃபிக் கோப்பைத் திருத்தும் வேலை உங்களுக்கு வரும் என்றால் கற்றுக்கொள்ளுங்கள். டெர்மினலில் "விம்டியூட்டர்" என்று தட்டினால் அரைமணி நேரப் பாடம் வரும், அதுவே நல்ல தொடக்கம். விம்மில் கர்சரை நகர்த்த அம்புக்குறிகளுக்குப் பதில் எச், ஜே, கே, எல் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்னும் டெர்மினல் கருவியில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்99 விசைப்பலகை செயலில் இருக்கும்போது அந்த நான்கு விசைகளும் க, ப, ம, த ஆகிவிடும்; விம் கட்டளைகள் எதுவும் வேலை செய்யாது. எஸ்கேப் அழுத்துமுன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். விம்மை உருவாக்கிய பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டவர் அவர். விம்மைத் திறந்ததும் வரும் முகப்புத் திரையில் அந்த வேண்டுகோளைப் பார்க்கலாம்.

என் நிரலில் தமிழ்ச் சரங்கள் (மேற்கோள் குறிக்குள் வரும் சொற்கள்) உண்டு. நண்பர் அனுப்பிய புராஜெக்டைத் திறந்தால் தமிழ் எழுத்துகளைச் சுற்றி மஞ்சள் கட்டங்கள் வருகின்றன. எழுத்துகளும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிகின்றன.
வாசகர், யாழ்ப்பாணம்

ஃபோல்டரை முதல்முறை திறந்தபோது "இதை நம்புகிறீர்களா?" என்று எடிட்டர் கேட்டிருக்கும். நீங்கள் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். கட்டுப்பாட்டு நிலையில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை எல்லாம் எடிட்டர் கட்டமிட்டுக் காட்டும். ஒன்றுபோல் தோன்றும் வேற்று எழுத்துகளை வைத்து நிரலில் ஏமாற்ற முடியும் என்று 2021-இல் ஆய்வாளர்கள் காட்டிய பிறகு வந்த பாதுகாப்பு இது. நண்பரின் புராஜெக்ட் நம்பகமானது என்றால் நம்புவதாகச் சொல்லிவிடுங்கள், கட்டங்கள் போய்விடும். தெரியாதவர் அனுப்பிய நிரலில் கட்டங்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

நிரலுக்கான சம அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. அதனால் வேறு ஏதோ ஒரு எழுத்துருவிலிருந்து கணினி கடன் வாங்குகிறது. "ஃபாண்ட் ஃபேமிலி" செட்டிங்கில் உங்கள் எழுத்துருவுக்குப் பின் காற்புள்ளி இட்டு நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று சேருங்கள். "லைன் ஹைட்" 1.6 அளவில் வையுங்கள்; வரிகளுக்கிடையே மூச்சுவிட இடம் கிடைக்கும்.

"கொடி" என்று தேடினால் சில இடங்கள் அகப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "கொ" என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானில் நீளம் கேட்டால் முதலாவது "கொடி"க்கு 4 என்றும் இரண்டாவதற்கு 5 என்றும் வரும். இதைத் தீர்க்கும் செட்டிங்கை எடிட்டரில் தேடாதீர்கள். கோப்பையே ஒருமுறை, ஒரே எழுத்தை எங்கும் ஒரே முறையில் குறிக்கும் என்எஃப்சி என்னும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

நான் பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பைத்தான் கற்கிறேன். ஒன்றுக்கும் ஆங்கில எல் எழுத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. கருப்புப் பின்னணி நல்லதா, வெள்ளையா?
வாசகர், திருநெல்வேலி

வணக்கம் ஐயா. பின்னணியை உங்கள் அறையின் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பகலில் சன்னலோரம் உட்கார்ந்து படிப்பதாக எழுதியிருப்பதால் வெள்ளையே எளிது. கண் கூசினால் "ஹை கான்ட்ராஸ்ட்" தீம்கள் வெள்ளையிலும் கருப்பிலும் உண்டு.

எழுத்துருவுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒன்று, சிறிய எல், பெரிய ஐ, பூஜ்ஜியம், பெரிய ஓ ஐந்தையும் ஒரே வரியில் தட்டச்சு செய்து, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். ஐந்தும் ஐந்தாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு உங்களுக்குப் பொருந்தும். கன்சோலஸ், ஜெட்பிரெயின்ஸ் மோனோ இரண்டையும் முயலுங்கள். "ஃபாண்ட் லிகேச்சர்ஸ்" அணைந்தே இருக்கட்டும். அது `!=` என்பதை `≠` போலக் காட்டும்; கணித ஆசிரியருக்கு அது பிடித்துப்போகும், ஆனால் விசைப்பலகையில் தேடினால் அந்தக் குறி கிடைக்காது.

"மவுஸ் வீல் ஜூம்" செட்டிங்கை இயக்கினால், கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி எழுத்தைப் பெரிதாக்கலாம். மெனு, பக்கப்பட்டை எல்லாம் சேர்ந்து பெரிதாக வேண்டும் என்றால் கண்ட்ரோலும் சமக்குறியும். வலது ஓரத்தில் நிரலைச் சிறிதாகக் காட்டும் "மினிமேப்" உங்களுக்கு இப்போது வேண்டாம். அதை மறைத்தால் அந்த இடமும் எழுத்துக்குக் கிடைக்கும். பிழையுள்ள வரிக்குக் கர்சர் வரும்போது ஒலி எழுப்பும் வசதியும் "அக்சஸிபிலிட்டி சிக்னல்ஸ்" பகுதியில் இருக்கிறது. சிவப்புக் கோடு கண்ணில் படாத நாளில் காது சொல்லிவிடும்.