மில் பஞ்சு நீள முடியில் ஒட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்டிருப்பது இது: "ஸ்பின்னிங் மில்லில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே முடி. ஷிப்டு முடிந்து வந்தால் தலை முழுக்கப் பஞ்சு. தினமும் தலைக்குக் குளித்தும் போகவில்லை, முடிதான் கொட்டுகிறது. வெட்டிவிடலாமா?"

வெட்ட வேண்டாம். முதலில் தினமும் தலைக்குக் குளிப்பதை நிறுத்துங்கள். பஞ்சு போகாமல் இருப்பதற்கும், முடி கையோடு வருவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

நான் பல்லடம் பக்கம் ஒரு மில்லில் ரிங் ஃப்ரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினில் சைடு (ஒரு பக்கம்) பார்த்தவள். இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பழக்கிவிடுகிறேன். சேர்ந்த முதல் மாதத்தில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். சிலர் கேட்காமலே தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அம்மா, பாட்டி கையால் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடியை ஒரு பஞ்சுக்காக வெட்டியிருக்கிறார்களே என்று எனக்கு மனசு ஆறவே ஆறாது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பஞ்சு கரைகிற அழுக்கு இல்லை. எந்த ஷாம்பு போட்டாலும், சீயக்காய் போட்டாலும் அது இழையாகவே இருக்கும். நனைந்தால் இன்னும் மோசம். பருத்தி இழை ஈரத்தில் பலம் கூடும். முடி அதற்கு நேர் எதிர்: ஈரத்தில் ஊதி, பலம் குறைந்து, இழுத்தால் நீண்டு அறும். நீங்கள் தண்ணீரை ஊற்றியதும் தலையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த பஞ்சு ஒன்றோடொன்று சுற்றித் திரியாகிறது. அந்தத் திரிக்குள் முடியும் மாட்டுகிறது. அதன்மேல் விரலை விட்டுத் தேய்த்தால் அறுவது பஞ்சு அல்ல, முடிதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முடியின் மேல் பக்கம் ஓடு வேய்ந்த கூரைபோல அடுக்கடுக்கான செதில். அடுக்கு வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும் என்றால், இடுப்பைத் தாண்டிய முடியின் நுனிக்கு ஐந்து வயதுக்கு மேல் இருக்கும். அவ்வளவு காலம் சீப்பும் வெயிலும் பட்டு அங்கே செதில் தேய்ந்து பிய்ந்திருக்கும். பஞ்சு நுனியில்தான் அதிகம் சிக்குவது அதனால்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை நுனியை மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நறுக்கிவிட்டால் போதும்.

ஆக, ஷிப்டு முடிந்து வந்ததும் காய்ந்த தலையிலேயே பஞ்சை எடுத்துவிட வேண்டும். தொப்பியை அறைக்குள் கழற்றாதீர்கள். வெளியே நின்று கழற்றி, அங்கேயே உதறுங்கள். பின்னலை அவிழ்க்கும் முன்பே மேலாக ஒட்டியிருப்பதை ஒரு காய்ந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக ஒற்றி வழித்து எடுங்கள். அவிழ்த்த பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக மேலே ஏறுங்கள். கடைசியாகப் பேன் சீப்பை மெதுவாக ஒருமுறை ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பஞ்சும் வந்துவிடும். மரச் சீப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. பிளாஸ்டிக் சீப்பு காய்ந்த முடியில் உரசினால் மின்னேற்றம் உண்டாகும், எடுத்த பஞ்சே திரும்ப வந்து ஒட்டும். பாலியஸ்டர் கலந்து ஓட்டுகிற மில் என்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் உரசும்போது முடியும் பாலியஸ்டரும் எதிரெதிர் மின்னேற்றம் பெறுகின்றன. இதையெல்லாம் முடித்த பிறகுதான் தலையில் தண்ணீர் படலாம். வாரம் இரண்டு முறை குளித்தால் தாராளம்.

நீங்கள் எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. புளோரூம் (பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்), கார்டிங் (பஞ்சைச் சீவி இழை பிரிக்கும் இடம்) என்றால் பறப்பது பஞ்சு மட்டுமல்ல. காய்ந்த இலைத் துணுக்கு, விதைத் தோல், மண் எல்லாம் சேர்ந்த தூசி. அது மண்டைத் தோல்வரை இறங்கி அரிக்கும். அங்கே இருப்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்கூடக் குளிக்க வேண்டியிருக்கலாம், ஆனால் முதலில் சீவிவிட்டுத்தான். ரிங் ஃப்ரேமில் பறப்பது பெரும்பாலும் குட்டை இழை. நூல் முறுக்கேறும்போது உதிர்வதை மேலே ஓடுகிற ஓவர்ஹெட் கிளீனர் ஊதிக்கொண்டே போகும். அது உங்கள் தலைக்கு மேலே வரும் நேரத்தில் குனிந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தால் பிடரி வழியாகத்தான் பஞ்சு நுழையும்.

தொப்பி விஷயத்துக்கு அதனால்தான் வருகிறேன். மில்லில் கொடுக்கும் தொப்பி எல்லோருக்கும் ஒரே அளவு. உங்கள் அளவு முடியைக் கொண்டையாகச் சுற்றினால் அது தலையில் உட்காராது. பிடரி திறந்தே இருக்கும், வேலை நடுவே நழுவும். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, அதே நிறத்தில் நீங்களே ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த பருத்திப் பாப்ளின் துணி, சுமார் அறுபது சென்டிமீட்டர் குறுக்களவுக்கு வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து எலாஸ்டிக் கோத்தால் முடிந்தது. பனியன் துணி வேண்டாம், அது நீளும், பஞ்சும் அதில் பிடிக்கும். எலாஸ்டிக் நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னாலும், பின்னால் பிடரி முடி முடியும் இடத்துக்குக் கீழேயும் வர வேண்டும். இந்தப் பின்பக்கம்தான் முக்கியம். இரண்டு தைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள்.

உள்ளே முடியை விரித்துக் கொண்டை போடாமல், முதலில் முழுக்கப் பின்னி, நுனியையும் உள்ளே மடித்துக் கட்டி, அந்தப் பின்னலைத் தட்டையாகச் சுற்றிக் குத்துங்கள். உயரக் கொண்டை வேண்டாம், தொப்பியைத் தூக்கிவிடும். பூ வைக்க ஆசை இருந்தால் ஷிப்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பின்னலைத் தொங்கவிட்டு மட்டும் வேலை செய்யாதீர்கள், ஒரு நிமிடம்கூட. பஞ்சுக்காகச் சொல்லவில்லை. ரிங் ஃப்ரேமில் நூலைச் சுற்றும் கதிர்கள் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும் மில்கள் உண்டு. பெல்ட், புல்லி, ரோலர் எதில் பின்னல் நுனி மாட்டினாலும் மண்டைத் தோலோடு பிய்ந்து வரும். துப்பட்டாவுக்கும் இதே கதிதான். புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை என்று தினமும் சொல்வேன்.

அதே அளவுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஏர் பைப். மெஷின் சுத்தம் செய்யும் காற்றுக் குழாயைத் திருப்பி ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொள்வதை நிறைய மில்லில் பார்க்கலாம். பஞ்சு உடனே பறந்துவிடும், வேலை சுலபம்தான். ஆனால் அந்தக் காற்றின் அழுத்தம் காது சவ்வைக் கிழிக்கும், கண்ணுக்குள் துகளை அறையும், தோலில் வெட்டு இருந்தால் உள்ளே காற்று ஏறும். பறக்கிற பஞ்சு பக்கத்தில் நிற்பவள் மூக்குக்குப் போகும். "ஒரு தடவைதானே அக்கா" என்பார்கள். ஒரு தடவையும் கூடாது.

எண்ணெய் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. எண்ணெய் வைத்தால் தூசி ஒட்டும் என்பார்கள், எண்ணெய் இல்லாவிட்டால் முடி பறந்து பஞ்சு சிக்கும் என்பார்கள். இரண்டும் உண்மை, அளவுதான் வித்தியாசம். வேலைக்குப் போகும் காலையில் வழிய வழிய வைக்காதீர்கள். தூசி அப்புவது ஒருபக்கம், கையில் பட்டு நூலில் கறை விழுந்தால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். முந்தைய இரவு சில சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, பின்னலின் கீழ்ப் பாதியில் மட்டும் தடவுங்கள். தேங்காயெண்ணெய் முடிக்குள் இறங்கக்கூடியது. காலைக்குள் மேலே பிசுக்கு இருக்காது, செதிலும் படிந்திருக்கும்.

ஹாஸ்டலில் இருந்தால் துண்டையும் தலையணையையும் பாருங்கள். புது டர்க்கி டவல் தானே பஞ்சு விடும். தலைக்கு ஈரிழைத் துண்டு அல்லது பழைய வேட்டித் துணிதான் நல்லது. இலவம்பஞ்சுத் தலையணைக்கு ஒரு உறைக்கு மேல் இன்னொரு உறை போடுங்கள், இல்லாவிட்டால் மில்லில் தப்பித்தது படுக்கையில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, தலையில் இவ்வளவு பஞ்சு இருக்கிறது என்றால் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் போகிறது என்று அர்த்தம். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருந்து, அடுத்தடுத்த நாளில் குறைகிறது என்றால், அதைச் சளி என்று விட்டுவிட வேண்டாம். பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். சட்டத்தில் அது தொழில்நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போனால் இருமல் என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பிரிவில் வேலை, எவ்வளவு காலமாக, எந்தக் கிழமையில் இறுக்கம் அதிகம் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.