டிரைவர் சீட் எங்கே? வாசகர் கேள்வி பதில்

ஜப்பானில் கோபே நகரத்துத் துறைமுகப் பகுதிக்குப் போகும் போர்ட் லைனர் என்ற ஓட்டுநர் இல்லாத ரயிலில் நான் போய்வந்ததைப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

என் மகன் கோபேயில் வேலை பார்க்கிறான். தினமும் அந்த வண்டியில்தான் ஆபீஸ் போகிறானாம். முன்பக்கம் நின்று வீடியோ எடுத்து அனுப்பினான், டிரைவர் சீட்டே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. உண்மையைச் சொல்லுங்கள், அது பத்திரமானதுதானா?
(ஓர் அம்மா, காவேரிப்பட்டணம்)

அம்மா, முதலில் நன்றாகத் தூங்குங்கள். அந்த வண்டி 1981 பிப்ரவரி 5ஆம் தேதியிலிருந்து ஓடுகிறது, அநேகமாக உங்கள் மகன் பிறப்பதற்கு முன்பிருந்தே. ஓட்டுநர் இல்லாமல் ஒரு நகரத்து ஜனங்களை ஏற்றிப் போன வண்டிகளில் உலகத்தின் முன்னோடிகளில் ஒன்று அது.

நான் சன்னோமியா நிலையத்தில் ஏறியபோது முன் கண்ணாடியை ஒட்டிய இருக்கைக்கு எனக்கும் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கும் போட்டி. அவன்தான் ஜெயித்தான். இரண்டு கையையும் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல நீட்டி வைத்துக்கொண்டு, வண்டி இடப்பக்கம் வளைந்தால் தானும் இடப்பக்கம் சாய்வதும், நிலையம் வந்தால் காலால் தரையை அழுத்திப் பிரேக் போடுவதுமாக ஒரே வேலை. பக்கத்தில் அவன் பாட்டி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வண்டி தானாக ஓடுவது பெரிய வித்தை இல்லை, அது ஓடும் பாதையில்தான் விஷயமே இருக்கிறது. பாதை முழுக்கத் தூண் மேல் போகிறது, குறுக்கே ரோடு கிடையாது. நடைமேடை ஓரத்தில் கண்ணாடிச் சுவர். வண்டி அதன் கதவுக்கு நேராக வந்து நின்ற பிறகுதான் இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும். கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் ஒரு லாரிக்காரர் ஒரே நிமிடத்தில் சமாளிக்கும் ஆட்டையும், டூவீலரையும், ராங் சைடில் வரும் டிராக்டரையும் அந்த வண்டி இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியது முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இந்த இடத்தில் எவ்வளவு வேகம், எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான். இந்தக் கணக்கில் கம்ப்யூட்டர் நம்மைவிட ஒழுங்கு.

அப்புறம், ஆளே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கட்டுப்பாட்டு அறையில் கேமராவைப் பார்த்தபடி ஆட்கள் இருப்பார்கள். கோளாறு வந்தால் கையால் ஓட்டும் கருவிகள் வண்டியின் முன்பக்கம் மூடிக்குள் இருக்கின்றன. வீடியோவில் அந்த மூடி தெரிகிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். காலை நேரக் கூட்டம்தான் மகனுக்கு உண்மையான தொந்தரவாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

துறைமுகத்துக்குப் போக எதற்கு இவ்வளவு செலவு? பஸ் விட்டால் போதாதா?
(கல் குவாரி வேலை பார்க்கும் ஒருவர், பர்கூர்)

நீங்கள் கேட்டதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். நாம் மலையை வெட்டிக் கப்பலில் ஏற்றுகிறோம், அவர்கள் மலையை வெட்டிக் கடலிலேயே கொட்டினார்கள். கோபே ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒல்லியான நகரம். கன்டெய்னர் கப்பல்கள் வர ஆரம்பித்ததும் அகலமான இடம் தேவைப்பட்டது. 1966இல் ஆரம்பித்து, ஊருக்குப் பின்னால் இருந்த குன்றுகளின் மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைவரை கொண்டுவந்து, படகில் ஏற்றிக் கடலில் கொட்டி, 400 ஹெக்டேருக்கு மேல் போர்ட் ஐலண்ட் என்ற தீவையே உண்டாக்கினார்கள். வெட்டிய இடத்தையும் சும்மா விடவில்லை, சமப்படுத்தி வீடு கட்டினார்கள். (நம் பக்கம் வெட்டிய குழியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.)

தீவில் கப்பல் துறை மட்டுமில்லை. வீடு, ஆஸ்பத்திரி, ஓட்டல், மாநாட்டு மண்டபம் எல்லாம் வந்தன. 1981 மார்ச்சில் தொடங்கி ஆறு மாதம் அங்கே நடந்த கண்காட்சிக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். பாலத்தில் பஸ்ஸாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிதாகக் கொட்டிய மண் என்பதால் அடியில் சுரங்கம் தோண்டுவதும் பெரும்பாடு. பெரிய ரயில் விட்டால் மத்தியான நேரத்தில் காலியாக ஓடும். அதனால்தான் சின்னப் பெட்டிகள் ஆறைக் கோத்து அடிக்கடி விடுகிறார்கள். அடிக்கடி விட வேண்டுமென்றால் ஓட்டுநர் சம்பளம் ஏறும், ஓட்டுநரே இல்லாவிட்டால் அந்தக் கவலை இல்லை. துறைமுகப் பக்கம் இந்த மாதிரி வண்டி பல ஊரில் முளைத்ததற்குக் கணக்கு இதுதான். ஒசாகாவின் நான்கோ துறைமுகப் பகுதியில் அதே 1981இல், லண்டனின் பழைய கப்பல் துறைகளில் (டாக்லேண்ட்ஸ்) 1987இல், டோக்கியோ விரிகுடா ஓரத்தில் 1995இல் வந்தன. கோபேயில் பாதையை 2006இல் விமான நிலையம்வரை நீட்டிவிட்டார்கள். அந்த விமான நிலையமும் கடலைத் தூர்த்துக் கட்டியதுதான்.

ரயில் என்கிறீர்கள், படத்தில் டயர் தெரிகிறதே?
(பிளஸ் டூ மாணவி, ஊத்தங்கரை)

நல்ல கண் உங்களுக்கு. ரப்பர் டயர்தான், கான்கிரீட் மேல் ஓடுகிறது. திரும்புவதற்குப் பக்கவாட்டில் சின்னச் சக்கரங்கள், அவை ஓரத்து இரும்புக் கம்பியைத் தடவிக்கொண்டே வரும். கரண்டும் ஓரத்திலிருந்துதான், 600 வோல்ட் மூன்று ஃபேஸ். பாலத்தின் ஏற்றத்தில் வழுக்காது, வளைவில் கிறீச்சிடாது.

தொப்பூர் கணவாயில் மாதம் ஒரு லாரியாவது பிரேக் பிடிக்காமல் போய் மோதுகிறது. அந்த வண்டிக்கு அப்படி ஆகவே ஆகாதா?
(லாரி ஓட்டுநர், தர்மபுரி)

ஆகியிருக்கிறது அண்ணே, மறைக்கக் கூடாது. மேலே இருக்கிற அம்மா இந்தப் பதிலைப் படிக்காமல் தாண்டிப் போகலாம். ஒசாகா நான்கோ பாதையில் 1993 அக்டோபர் 5ஆம் தேதி ஒரு வண்டி கடைசி நிலையத்தில் பிரேக் விழாமல், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் தடுப்பில் முட்டியது. 200 பேருக்கு மேல் காயம். யோகோஹாமாவில் கடலோரமாக ஓடும் பாதையில் 2019 ஜூன் 1ஆம் தேதி நடந்தது இன்னும் விசித்திரம். புறப்பட வேண்டிய வண்டி ரிவர்ஸில் சுமார் 25 மீட்டர் போய் மோதியது, பத்துப் பேருக்கு மேல் அடி. காரணத்தைத் தேடினால், ஒரே ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. திசை மாறிவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்க, அந்தச் செய்தி மோட்டாருக்குப் போகவே இல்லை. மோட்டார் பழைய திசையிலேயே ஓடியது. உங்களைப் போல ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாலடி போவதற்குள் பிரேக்கை மிதித்திருப்பார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அங்கே ஓட்டுநர்கள்தான் ஓட்டினார்கள்.

கோபே வண்டிக்கு வந்த பெரிய அடி கம்ப்யூட்டரால் வரவில்லை. 1995 ஜனவரி 17ஆம் தேதி விடியற்காலை 5.46க்கு வந்த பூகம்பத்தில் தூண்கள் சேதமாகி, பாதை முழுவதும் திரும்ப ஓட ஜூலைக் கடைசி ஆகிவிட்டது.

அப்போ டிரைவர் வேலை எல்லாம் காலியா?
(ஐடிஐ முடித்தவர், மொரப்பூர்)

ஓட்டுகிற வேலை குறையும், அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. ஆனால் சிக்னல், கதவு, மோட்டார், டயர் எல்லாவற்றையும் பார்க்க ஆள் வேண்டும். அந்த அறுந்த ஒயரை முந்தின நாளே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஆளைச் சொல்கிறேன். லண்டன் டாக்லேண்ட்ஸ் வண்டியில் ஓட்டுநர் இல்லை, ஆனால் ஓர் ஊழியர் கூடவே வருகிறார். கதவு மூடுவது அவர் கையில். நீங்கள் படித்தது எலக்ட்ரீஷியனா ஃபிட்டரா என்று எழுதவில்லையே?

ஓசூருக்கு மெட்ரோ வந்தால் அதுவும் ஓட்டுநர் இல்லாமல்தான் வருமா?
(ஷிப்ட் வேலை பார்ப்பவர், ஓசூர்)

மெட்ரோ உங்கள் பக்கத்தில் பொம்மசந்திராவரை வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறந்த பெங்களூரு மஞ்சள் வழித்தடம், ஆர்.வி. ரோட்டிலிருந்து 19 கிலோமீட்டர். ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய சிக்னல்தான், ஆனாலும் ஆரம்பத்தில் ஓட்டுநர்கள் உட்கார்ந்துதான் ஓட்டினார்கள். அதுதான் முறையும்கூட, டெல்லியில் 2020 டிசம்பரில் ஓட்டுநர் இல்லா வண்டியைத் தொடங்கியபோது அந்த மெஜந்தா வழித்தடம் ஏற்கெனவே சில வருடம் ஓடிக்கொண்டிருந்த பாதை. மஞ்சள் வழித்தடத்தில் திறந்தபோது மூன்றே ரயில், 25 நிமிடத்துக்கு ஒன்று. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு, வண்டியின் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிட அடுத்தது எப்போது வரும் என்பதுதானே கேள்வி?

பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு நீட்டுவதற்குச் சாத்தியக்கூறு ஆய்வு நடந்திருக்கிறது. ஒரு சிக்கல், பெங்களூரு மெட்ரோவுக்கு மின்சாரம் தண்டவாளம் பக்கத்துக் கம்பியில் 750 வோல்ட்டில் வருகிறது, தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை மெட்ரோவுக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட்டில். ரெண்டு மாநிலமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நின்றவர்களுக்கு அந்தப் பேச்சின் வேகம் புரியும்.

ஓட்டுநர் இல்லாத ரயில் கிடக்கட்டும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ஓட்டுநர் உள்ள ரயிலாவது வருமா?
(டீக்கடைக்காரர், கிருஷ்ணகிரி)

திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் இங்கே வந்துகொண்டிருந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். உங்கள் கடைக்கு வரும் பெரியவர்களில் யாருக்காவது அப்பாவோ தாத்தாவோ அந்த ரயிலைப் பற்றிச் சொன்னது நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.