செவ்வாய் நம் இரண்டாவது வீடா?

கேள்வி: விண்கல் மோதினாலோ அணு ஆயுதப் போர் மூண்டாலோ மனித இனமே அழிந்துவிடும். அதற்கு முன் செவ்வாயில் குடியேறிவிடுவதுதானே புத்திசாலித்தனம்? இதை எதிர்ப்பவர்களுக்குத் தொலைநோக்கு இல்லையா?

பதில்: எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்தன. ஆனால் மோதிய மறுநாளும் பூமியில் மூச்சுவிடக் காற்று இருந்தது, கடல் இருந்தது. சின்னஞ்சிறு பாலூட்டிகள் பிழைத்துக்கொண்டன. அவற்றின் வழியில்தான் நாம் வந்தோம். செவ்வாயிலோ எந்த விபத்தும் நடக்காத சாதாரண நாளிலேயே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரியை ஒட்டி இருக்கும். மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு வேறு. எவ்வளவு சீரழிந்த பூமியும் இதைவிட மேல்.

விண்கல்லுக்குப் பயந்தால் அதைத் திசைதிருப்பக் கற்றுக்கொள்வோம். 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, அது இன்னொரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தை அரைமணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. அணுப் போருக்குப் பயந்தால்? அந்தக் குண்டுகளைச் செய்த அதே மனிதர்கள்தானே அங்கும் போகப்போகிறார்கள்!

இந்த விவாதத்தில் பலரும் தொடாமல் விடுவது காற்றைத்தான். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்ற கருவி, செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரித்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கே 800 கிராமுக்கு மேல் வேண்டும். சரி, நாளை பெரிய கருவி வரும் என்றே வைத்துக்கொள்வோம். அதன் விசை யார் கையில் இருக்கும்? அந்தக் குடியிருப்பின் நிர்வாகத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யத் துணிபவர், தன் குழந்தை சுவாசிக்கும் காற்று அதே நிர்வாகத்திடம் இருப்பதை மறக்க முடியுமா? கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவும் முடியாது. பயணத்துக்கு ஏற்றபடி பூமியும் செவ்வாயும் அமைவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். எந்த நாடும் விண்வெளியில் நிலத்தைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967 ஒப்பந்தம். நிலத்துக்குச் சரி, காற்றுக்கு?

அப்புறம், அங்கே பிறக்கப்போகும் குழந்தை. போகிறவர் விரும்பிப் போகிறார், அந்தக் குழந்தையை யார் கேட்டது? செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். அதில் கரு எப்படி வளரும், எலும்பு எப்படி உறுதிப்படும், அங்கே வளர்ந்த பிள்ளை பூமிக்கு வந்தால் எழுந்து நிற்குமா என்று யாராலும் இன்று உறுதி சொல்ல முடியாது. தெரியாத ஒன்றைப் பெரியவர்கள் தங்கள் உடம்பில் சோதித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உடம்பில் கூடாது.

விஞ்ஞானிகள் போகட்டும், ஆராயட்டும், திரும்பி வரட்டும். அதற்குப் பொதுப் பணம் செலவழிப்பதை மனதார ஆதரிக்கிறேன். குடும்பங்களை அனுப்பும் பேச்சை, குறைந்த ஈர்ப்பில் எலிகளாவது சில தலைமுறை நலமாகப் பெருகுகின்றனவா என்று பார்த்த பிறகு எடுக்கலாம்.