சின்ன டைப் போட்டால் வேகம் கூடுமா?

அன்புள்ள ஐயா,

ஒரு படத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட சி மொழியில் ப்ரோகிராம் எழுதினேன். முதலில் பிக்சல்களும் கூட்டுத்தொகையும் டபுளிலும் (64 பிட் தசம எண்), லூப் எண்ணிகள் இன்ட்டிலும் (சாதாரண முழு எண்) இருந்தன. 'சின்ன டைப் போடு, அதாவது எண்ணுக்குக் குறைந்த பிட் ஒதுக்கு, வேகமாக ஓடும்' என்று நண்பன் சொன்னதால் பிக்சல் அர்ரேயை (பிக்சல் மதிப்புகளின் வரிசையை) 8 பிட்டுக்கும், லூப் எண்ணிகளையும் கூட்டுத்தொகையையும் 16 பிட்டுக்கும் மாற்றினேன். அர்ரேயை மாற்றியதும் வேகம் நன்றாகவே கூடியது. எண்ணிகளை மாற்றியதில் ஒரு பயனும் இல்லை. ஏன்? தவிர, இப்போது சராசரியும் தப்பாக வருகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பலர் இதைச் செய்வதில்லை.

இன்றைய 64 பிட் ப்ராசஸருக்கு 32 பிட் எண்களைக் கூட்டுவதும் 64 பிட் எண்களைக் கூட்டுவதும் ஒரே வேலைதான். நேரம் போவது எண்களை மெமரியிலிருந்து கொண்டுவருவதில். 1920க்கு 1080 படத்தில் 20,73,600 பிக்சல்கள். டபுளில் வைத்தால் 1.6 கோடி பைட்டுக்கு மேல். 8 பிட்டில் 20 லட்சத்துச் சொச்சம். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள் மெமரியிலிருந்து 64 பைட் மூட்டைகளாகத்தான் எடுக்கும். ஒரு மூட்டையில் டபுள் என்றால் 8 எண்கள், உங்கள் பிக்சல் என்றால் 64. நடை குறைந்தது, அதனால் வேகம் வந்தது.

லூப் எண்ணியோ ப்ராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டரிலேயே உட்கார்ந்திருக்கும். அது எங்கும் நடப்பதில்லை. அதைச் சுருக்கினால் சில சமயம் கம்பைலர் (ப்ரோகிராமை ப்ராசஸரின் ஆணைகளாக மாற்றுவது) ஒவ்வொரு சுற்றிலும் அதை அகலப்படுத்த ஓர் ஆணை கூடுதலாகச் சேர்க்கும். அதனால் எண்ணிகளை இன்ட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு பலகையில் இருப்பது போன்ற 8 பிட் சில்லில் கதை வேறு. அங்கே 32 பிட் கூட்டலை பைட் பைட்டாக நான்கு தடவை செய்யவேண்டும்; ஃப்ளோட் எனும் தசம எண்களுக்கு வன்பொருளே கிடையாது. உங்கள் நண்பர் சொன்னது அங்கே முழுக்கச் சரி.

அப்புறம், அந்தத் தப்பான சராசரி. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது இதுதான். குறியில்லாத (மைனஸ் எண்களுக்கு இடமில்லாத) 16 பிட்டில் 65,535 வரைதான் கொள்ளும். 255 மதிப்புள்ள வெள்ளைப் பிக்சல்கள் 257 சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். அடுத்த பிக்சலில் தொகை சுற்றிக்கொண்டு மறுபடி சின்ன எண்ணாகிவிடும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்டு 40 வினாடி அளவில் சிதறியது. 64 பிட் ஃப்ளோட் மதிப்பு ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது கொள்ளவில்லை. அப்படி வழியக்கூடியவை என்று ஏழு வேரியபிள்களை முன்பே கண்டிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக மூன்றைப் பாதுகாப்பில்லாமல் விட்டார்கள். விசாரணை அறிக்கையில் இதைப் படித்த நாளிலிருந்து, எந்த வேரியபிளைச் சுருக்கும் முன்பும் அதில் வரக்கூடிய மிகப் பெரிய எண்ணைக் கணக்குப் போட்டுவிடுகிறேன்.

உங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். படம் முழுக்க வெள்ளை என்றால் தொகை 52,87,68,000. குறியில்லாத 32 பிட் ஒரு படத்துக்குத் தாங்கும். வீடியோவாக அடுத்தடுத்த படங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதாவதில் வழிந்துவிடும். தொகை ஒரே ஒரு வேரியபிள்தானே, 64 பிட் போடுங்கள். பிக்சல் அர்ரே 8 பிட்டிலேயே இருக்கட்டும்.